சுரங்கச் செலவை பவுன் கணக்கில் போட்டுப் பார்ப்பது எப்படி?

"வெட்டி எடுக்கவே இவ்வளவு செலவாகுது, இனி தங்கம் இறங்காது" என்ற பேச்சு நாகர்கோவில் நகைக்கடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவர்கள் அதை நம்பி, வட்டிக்கு வாங்கியாவது அன்றைக்கே எடுத்துவிடப் பார்க்கிறார்கள். அந்தச் செலவு எவ்வளவு என்று நாமே பார்த்துவிடலாம். எக்செல் எல்லாம் வேண்டாம். கால்குலேட்டரும் ஒரு நோட்டும்தான் நல்லது. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று அப்புறம் புரட்டிப் பார்க்கலாம்.

படி 1. நியூமாண்ட், பாரிக் போன்ற தங்கச் சுரங்க நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையில் 'ஆல்-இன் சஸ்டெயினிங் காஸ்ட்' என்ற வரியைத் தேடுங்கள். ஒரு அவுன்ஸ் தங்கம் எடுக்கச் சுரங்கத்தைத் தொடர்ந்து ஓட்டும் முதலீட்டையும் சேர்த்து ஆகும் செலவு, டாலரில் இருக்கும். உலகத் தங்க கவுன்சில் 2013-ல் கொண்டுவந்த அளவுகோல் இது. பக்கத்திலேயே இருக்கும் 'கேஷ் காஸ்ட்' வேண்டாம். சுரங்கத்தைத் தொடர்ந்து ஓட்டத் தேவையான முதலீடு அதில் சேராது.

படி 2. அவுன்ஸை பவுனாக்குங்கள். கணக்கு இடிப்பது இங்கேதான். தங்கத்துக்கு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம். வெறுமனே அவுன்ஸ் என்று தேடினால் 28.35 என்று வரும். அதைப் போட்டால் விடை கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு அவுன்ஸுக்குச் செலவு 1,500 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1,500 ÷ 31.1035 = 48.23 (ஒரு கிராம்)
48.23 × 8 = 385.8 (8 கிராம் சுத்தத் தங்கம்)
385.8 × 0.916 = 353.4 (22 காரட் பவுன்)
353.4 × 85 = சுமார் 30,000 ரூபாய்

0.916-ஐ விட்டுவிடாதீர்கள். கடைப் பலகையில் நாம் பார்ப்பது 22 காரட் விலை.

படி 3. இதோடு இறக்குமதி வரியைச் சேருங்கள். 2024 ஜூலையில் 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். நீங்கள் கணக்குப் போடும் நாளில் என்ன வரியோ அதைப் போடுங்கள். ஜிஎஸ்டியும் செய்கூலியும் பில்லில்தான் வரும், இங்கே வேண்டாம். இப்போது பலகை விலையோடு ஒப்பிடுங்கள்.

படி 4. இந்த எண்ணை வைத்து விலை இதற்குக் கீழே போகாது என்று முடிவு கட்டாதீர்கள். குளச்சலில் டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு செலவானாலும் மீன் ஏலத்தில் போகிற விலைக்குத்தான் போகும். தங்கமும் அப்படித்தான். அதிலும் மீன் மறுநாள் கெட்டுவிடும், தங்கம் கெடாது. உலகம் முழுக்க இதுவரை வெட்டியது 2 லட்சம் டன்னுக்கு மேல், அதில் பெரும்பகுதி இன்னும் விற்கக்கூடிய நிலையில் இருக்கிறது. ஆண்டுக்குப் புதிதாக வருவது சுமார் 3,600 டன்தான். கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போய், செலவு கட்டுப்படியாகாமல் 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தச் செலவுக்காக உலகச் சந்தையில் விலை ஏறவில்லை.

2011 செப்டம்பரில் 1,900 டாலரைத் தொட்ட அவுன்ஸ், 2015 டிசம்பரில் 1,100-க்கும் கீழே வந்தது. அதனால் விலைப்போக்குக்கு நான் பார்ப்பது அமெரிக்க வட்டி, டாலர் மதிப்பு, மத்திய வங்கிகளின் கொள்முதல் மூன்றையும்தான். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் அந்த வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின.

பின்சேர்க்கை: "செலவும் வருஷா வருஷம் ஏறுதே, அப்போ அதுதானே அடிவிலை?" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். விலை ஏறும்போது, முன்பு ஒதுக்கிய தரம் குறைந்த பாறையையும் வெட்டுவார்கள். விலையில் சதவீதமாகக் கட்டும் ராயல்டியும் கூடும். செலவு ஏறுவதில் ஒரு பங்கு அப்படி வருவது. விலை இறங்கினால் நல்ல பாறையை மட்டும் வெட்டிச் செலவைக் குறைப்பார்கள்.