லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல: வீட்டுச் சோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டிலேயே சோப்பு போடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்று ஆரம்பித்து, அடுத்த முகூர்த்தத்துக்குள் தாம்பூலப் பையில் போட நூறு கட்டி என்று ஆர்டரும் எடுத்துவிடுகிறார்கள். கெட்டுப்போனால் டப்பாவோடு என் வாசலுக்கு வருகிறார்கள். வருகிற கோளாறு எதுவும் புதிதாக இருப்பதில்லை. எல்லாம் இந்த வேலையில் முதலில் இறங்கிய நாங்கள் விழுந்து எழுந்த குழிகள்தான்.

கையுறை, கண்ணாடி, தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவை (எண்ணெயைச் சோப்பாக மாற்றுகிற காரம்) போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதெல்லாம் எல்லா வீடியோவிலும் வருகிறது. அதைத் தாண்டிப் போகிறேன்.

லிட்டரைக் கிலோ என்று எடுத்துக்கொள்வது

சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ கிடையாது. சந்தேகம் இருந்தால் அடுப்படியில் இருக்கிற லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1 லிட்டர் என்று போட்டிருக்கிற இடத்திலேயே 910 கிராம் என்றும் பொடி எழுத்தில் இருக்கும். சமையலுக்கு அந்தப் பொடி எழுத்து தேவையில்லை. சோப்புக்கு அது மட்டும்தான் தேவை.

கணக்கு இதுதான். 1 கிலோ தேங்காய் எண்ணெய் மிச்சமில்லாமல் சோப்பாக மாற 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். தோல் வறண்டுபோகாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று அதில் 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுகிறோம். நீங்கள் ஊற்றியது ஒரு லிட்டர் என்றால் பாத்திரத்தில் இருப்பது 910 கிராம் எண்ணெய். அதற்கு முழுதாகப் பிடிப்பதே 166.5 கிராம். மீதி ஏழரை கிராம் காஸ்டிக் சேர எண்ணெய் இல்லாமல் சோப்புக்குள்ளேயே நிற்கிறது. எண்ணெய் மிஞ்ச வேண்டிய சோப்பில் காரம் மிஞ்சுகிறது. பார்ப்பதற்கு நல்ல சோப்பு மாதிரியேதான் இருக்கும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

போன தை மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் கல்யாணம். செக்கில் எண்ணெய் வாங்கிப் பெரிய அளவில் போட்டிருக்கிறாள். "வெட்டும்போதே ஓரம் உதிருதுக்கா, கையெல்லாம் எரியுது" என்றாள். ஒரு கட்டியை விண்டு பார்த்தேன். விண்ட இடம் வழவழப்பே இல்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்தது.

"எண்ணெயை எடை போட்டியாம்மா?"

"செக்குலயே அளந்துதானக்கா குடுத்தாங்க, பத்து."

"பத்து என்ன?"

முழித்தாள். கூட வந்திருந்த அவள் அப்பத்தா, "நாங்கள்லாம் ஆழாக்குல அளந்துதான் ஊத்துனோம், என்ன கெட்டுப்போச்சு?" என்றார். ஆச்சி, அது குழம்புக்கு. குழம்பில் எண்ணெய் கூடினால் மேலே மிதக்கும், எடுத்துவிடலாம். இங்கே கூடுவது காரம், கையைப் புண்ணாக்கிவிடும்.

நம் ஊர்ச் செக்குகளில் சிலர் கிலோவுக்குக் கொடுக்கிறார்கள், சிலர் லிட்டருக்கு. கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டாலும், வீட்டுக்கு வந்து உங்கள் தராசில் ஒரு தடவை போட்டுவிடுங்கள். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு போதும். பேட்டரி தீருகிற நேரத்தில் அதுவும் பொய் சொல்லும் என்பதால் தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு இந்தச் சோம்பல் கட்டுப்படியாகாது.

அந்தப் பெண் என்னிடம் வருவதற்குள் இன்னொரு காரியமும் செய்திருந்தாள். காரத்தை முறிக்க எலுமிச்சை பிழியலாம் என்று யாரோ சொல்லி, நாலு கட்டியை உருக்கிச் சாற்றைப் பிழிந்திருக்கிறாள். ஏழரை கிராம் காஸ்டிக்கை முறிக்க ஏறத்தாழ 200 மில்லி சாறு வேண்டும். அவ்வளவையும் ஊற்றினால் சோப்பு கூழாகிவிடும். அதற்கு மேல் போனால் புளிப்பு சோப்பையே உடைத்து எண்ணெய்ப் பிசுக்காக மேலே கொண்டுவரும். வினிகருக்கும் இதே கதைதான். தயவுசெய்து வேண்டாம்.

சரிசெய்ய வழி சுலபம். குறைந்துபோன எண்ணெயைக் கொடுத்துவிட வேண்டும். லிட்டருக்கு 90 கிராம் குறைந்தது, சேர்க்க வேண்டியதும் அதே 90 கிராம்தான். பத்து லிட்டர் என்றால் 900 கிராம். ஓரத்தில் சீவிக் கழித்த துண்டுகளையும் தூக்கிப் போடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. மொத்த சோப்பையும் எடை போட்டு, எண்ணெயை அந்த எடைக்குப் பங்கு பிரித்து, இரண்டிரண்டு கிலோவாகச் செய்வது நல்லது.

கையுறையோடு சோப்பைத் துருவுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கிலோவுக்கு அரை டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் தெளித்து, பங்கு எண்ணெயை ஊற்றி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிடுங்கள். அடுப்பு சிறு தீயில் இருக்கட்டும். நடுநடுவே அடிவரை கிளறினால் போதும், அடித்துக் கலக்கினால் நுரைதான் வரும். முதலில் கட்டி கட்டியாகப் பயமுறுத்தும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வெள்ளைத் திட்டுகள் கரைந்து, கும்மாயம் கிண்டும்போது ஓரம் விட்டு வருமே, அந்தப் பதத்துக்கு வழவழப்பாகத் திரளும்.

அப்போது ஒரு துளி எடுத்து ஆறவைத்து, ஈரவிரலால் தேய்த்து, அந்த விரலை நுனிநாக்கில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுரீரென்று இழுத்தால் காரம் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் வேக வேண்டும். வெறும் சோப்பு ருசி என்றால் முடிந்தது. காரம் எவ்வளவு என்று காட்டுகிற பிஎச் காகிதம் இதற்கு உதவாது. ஒழுங்கான சோப்பே 9, 10 என்று காரமாகத்தான் காட்டும்.

அச்சில் அள்ளிப் போட்டு, தரையில் நாலு தட்டு தட்டி, அழுத்திவிடுங்கள். மறுநாள் வெட்டலாம். சோப்பின் மேற்புறம் கரடுமுரடாகத்தான் இருக்கும். தாம்பூலப் பையில் போடக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளிக்க ஒரு குறையும் இருக்காது.

எண்ணெயை மாற்றிவிட்டுக் காஸ்டிக்கை மாற்றாதது

மேலே சொன்னதன் ஒன்றுவிட்ட தம்பி. 1 கிலோவுக்கு நல்லெண்ணெய் 135 கிராம் காஸ்டிக்தான் பிடிக்கும், விளக்கெண்ணெய் 128. பாதித் தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டு நல்லெண்ணெயை ஊற்றி, பழைய 174 கிராமையே போட்டால் 15 கிராம் காரம் மிஞ்சும். ஏழரைக்கு இரண்டு மடங்கு. கிலோவுக்கு 180 கிராம் நல்லெண்ணெய் கூடுதலாக விட்டு, அதேபோல் திரும்ப உருக்க வேண்டியதுதான்.

மார்கழிக் காலையில் ஏமாறுவது

24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். இலுப்பெண்ணெயும் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். விடிகாலைக் குளிரில் கலவை கெட்டியாகிவிட்டது, பதம் வந்துவிட்டது என்று அச்சில் ஊற்றுகிறார்கள். எண்ணெயும் காரத்தண்ணீரும் பிரியாமல் சேர்ந்து கெட்டியாவதுதான் பதம். இது குளிரில் எண்ணெய் இறுகியது. வெயில் ஏறினதும் எண்ணெய் தனியாக, காரத்தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். கையுறையோடு எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் கொட்டி, 40 டிகிரி வரை சூடாக்கி மறுபடி கடைந்தால் சேர்ந்துவிடும். பிரிந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், அதில்தான் காஸ்டிக் இருக்கிறது.

சித்திரையில் போர்வை போர்த்துவது

அச்சைத் துண்டால் சுற்றி மூடி வையுங்கள் என்று சொல்பவர்கள் குளிர்நாட்டில் இருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் இங்கே எதற்குப் போர்வை? அதுவும் கருப்பட்டி, தேன், தேங்காய்ப்பால் எதையாவது சேர்த்திருந்தால் உள்சூடு ஏறி, நடுவில் வெடித்து அச்சுக்கு வெளியே பொங்கும். மேலே விரிசல் மட்டும் என்றால் காற்றாடிக்குக் கீழே வையுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். பொங்கிவிட்டால் வழித்துப் பாத்திரத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வேகவைத்தே முடித்துவிடுங்கள்.

கிராம்பு எண்ணெய்

வாசனைக்கு ஊற்றின வேகத்தில் கலவை கல்லாகும். அப்படி ஆனால் சோப்பு கெட்டதாக அர்த்தமில்லை. மேலே சொன்ன மாதிரி சிறு தீயில் இளக்கி அச்சில் அழுத்துங்கள். கிராம்பு இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் துளிக்கணக்கில், கடைசியில்.

போர் தண்ணீர்

உப்புத்தண்ணீரில் காஸ்டிக்கைப் போட்டால் வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கும். சோப்பும் அவ்வளவாக நுரைக்காது. பெட்ரோல் பங்கிலோ ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலோ பேட்டரி தண்ணீர் கேட்டு வாங்குங்கள். ஆசிட் கலக்காத வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர்தானா என்று பார்த்து வாங்குங்கள். முற்றத்து மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கிற வீடு என்றால் அதை வடிகட்டினாலே போதும்.

அலுமினியப் பாத்திரம்

கூடாது.

மேலே வெள்ளைப் படலம்

சுரண்டினால் போய்விடும்.

மொட்டை மாடியில் வற்றலோடு காயவைப்பது

நிழலில், காற்றோட்டமாக, 4 முதல் 6 வாரம். வெயிலில் வியர்த்துச் சிக்குப் பிடிக்கும்.

கையில் தெறித்தால் வினிகர் ஊற்றுவது

குழாயைத் திறந்து கால் மணி நேரம் தண்ணீரில் காட்டுங்கள். முதலில் தண்ணீர்தான், வினிகர் எரிச்சலைக் கூட்டும். ஆத்தங்குடிக் கல் பாவின தரையில் சிந்தினாலும் புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள். அது சிமெண்ட் கல், புளிப்பு பட்ட இடம் அரித்து வெளுத்துவிடும்.

காப்பாற்ற முடியாதவை

ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்து சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம். உருக்கினாலும் வாடை போகாது. நாட்பட்ட எண்ணெயைத் தள்ளிவிட இதுதான் வழி என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

எடை எதையும் எழுதி வைக்காத சோப்பும் இந்தக் கணக்கில்தான். நாக்கில் இழுக்கிறது, ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டு உருக்கி, தொட்டுப் பார்த்து, மறுபடி உருக்கி ஒரு கட்டத்தில் சரியாக்கிவிடலாம்தான். அரைக்கிலோ சோப்புக்கு கேஸ் செலவு கட்டாது. கையுறை போட்டுக்கொண்டு கழிவறைத் தரை தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.