ஆஸ்பத்திரி ஃபைலை பென்டிரைவ்ல போட்டு வைக்கிறது எப்படி

கடலூர்லேருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வீட்டு பெரியவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு தெரியும், பை நிறைய ரிப்போர்ட் இருக்கும், டாக்டர் கேக்கறது மட்டும் கைல சிக்காது. ஒரு 16 ஜிபி பென்டிரைவ் வாங்குங்க, ஒரு பக்கம் யூஎஸ்பி இன்னொரு பக்கம் டைப்-சி இருக்கறதா பாத்து, அப்பதான் போன்லயும் சொருகலாம்.

பேப்பரையெல்லாம் போன்லயே ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கிடுங்க, பேரு வைக்கும்போது வருஷம் முதல்ல வரணும், "2024-03-12 கிரியாட்டினின்" இந்த மாதிரி, தானா வரிசையா நிக்கும். சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ ஃபிலிமை மட்டும் போட்டோ எடுத்து வச்சா பத்தாதுங்க, சென்டர்ல குடுக்கற டிஸ்க்ல டைகாம் ஃபைல், அதாவது ஸ்கேன் படத்தோட ஒரிஜினல் ஃபைல் இருக்கும், ஃபோல்டரோட அப்படியே காப்பி பண்ணுங்க, டாக்டர் ஒவ்வொரு ஸ்லைஸா பெருசாக்கி பாக்க அதுதான் வேணும்.

எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு பக்கம்: ரத்த குரூப், அலர்ஜி, இப்ப சாப்பிடுற மாத்திரை எத்தனை எம்ஜி, பண்ண ஆபரேஷன், வீட்டு போன் நம்பர். இதுக்கு பாஸ்வேர்ட் வேணாம், மத்ததுக்கு கண்டிப்பா போடுங்க.

வைரஸ் பயத்துல பென்டிரைவ் சொருகவே விடாத ஆஸ்பத்திரியும் உண்டு, அதுவும் நியாயம்தான், அதனால அந்த பக்கத்த பிரிண்ட் எடுத்து பர்ஸ்ல வைங்க, 14 இலக்க ஆபா நம்பர் (அரசாங்கம் குடுக்கற ஹெல்த் ஐடி) இருந்தா அதையும் எழுதிடுங்க. 2011ல 'தானே'ங்கற புயல பாத்த ஊரு நம்மளது, இன்னொரு காப்பி வெளியூர் சொந்தக்காரங்க வீட்ல இருக்கட்டும்.