டெக் சூட்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் செய்யும் தவறுகள்

போட்டிப் பருவம் நெருங்கினால் பெங்களூர்க் குளங்களின் படிக்கட்டுகளில் ஒரே பேச்சுதான். உடலை இறுக்கிப் பிடிக்கும் போட்டி நீச்சல் உடையான டெக் சூட்டில் எது, என்ன விலை, துபாயிலிருந்து யார் வருகிறார்கள், அவர்களிடம் சொல்லி ஒன்று வாங்கிவரச் செய்யலாமா. நீந்திய காலத்தில் நானும் இதே கேள்விகளோடு அலைந்தவள்தான். இப்போது பயிற்சியாளராகக் கரையில் நிற்கிறேன். கேட்பவர்கள் பிள்ளைகளின் பெற்றோரும், முப்பது வயதுக்கு மேல் மாஸ்டர்ஸ் போட்டிக்கு வரும் மென்பொருள் பொறியாளர்களும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஊரின் தினிதி தேசிங்கு பதினான்கு வயதில் நீந்தியதற்குப் பிறகு, ஒன்பது வயதுப் பெண்ணின் அம்மாகூட ஒலிம்பிக் கணக்குதான் போடுகிறார்.

வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால்: வளர்ந்தவர்களுக்கு அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். பன்னிரண்டு வயதுவரை வேண்டவே வேண்டாம். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், வெந்நீரில் அலசாதீர்கள் என்பதெல்லாம் உடையோடு வரும் தாளிலேயே இருக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடை மிதக்கவைக்கும் என்று நம்புவது

இது 2008, 2009 ஆண்டுகள் விட்டுச்சென்ற மிச்சம். 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேசர் என்ற உடையைக் கொண்டுவந்தது. ஊசித் தையல் கிடையாது. மீயொலியால் ஒட்டிய இணைப்புகள், ஆங்காங்கே பாலியூரித்தேன் பட்டைகள். அடுத்த ஆண்டே போட்டி நிறுவனங்கள் முழுக்க முழுக்கப் பாலியூரித்தேன் உடைகளோடு களம் இறங்கின. தோளிலிருந்து கணுக்கால்வரை மூடிய அந்த உடைகள் உடலை இறுக்கியதோடு, நீரின் மேல்மட்டத்துக்குத் தூக்கியும் கொடுத்தன. 2009இல் ரோம் உலகச் சாம்பியன் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள். சாதனைப் பட்டியலைத் தினமும் திருத்தி எழுத வேண்டிய நிலை வந்ததும், அப்போது ஃபினா என்ற பெயரில் இருந்த சர்வதேச அமைப்பு 2010 ஜனவரி 1 முதல் துணியல்லாத உடைகளைத் தடை செய்தது. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால்வரை என்று அளவும் வகுத்தது.

இன்று அங்கீகாரத்தோடு விற்பவை எல்லாம் துணிதான். தொடையிலும் இடுப்பிலும் சதை அலைவதை அடக்கும். மேல்பூச்சு இருக்கும்வரை நீரை உறிஞ்சாது. களைத்துப்போன கடைசி இருபது மீட்டரில் உடல் வளைந்துபோகாமல் கொஞ்சம் பிடித்துவைக்கும். அவ்வளவுதான். தலையைத் தூக்கி, இடுப்பைத் தாழவிட்டு நீந்துபவரின் இடுப்பை எந்தத் துணியும் தூக்கிக் கொடுக்காது.

யாருக்கு இந்தக் கொஞ்சம் கணக்கில் வரும்? சாஜன் பிரகாஷ் 2021இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38இல் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரம் 1:56.48. பத்தில் ஒரு விநாடி இடைவெளி. அந்த மட்டத்தில் உடை பேசும். சுவரைத் தொடும் முன் இரண்டு முறை தலைதூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தப் பார்வையிலேயே அதைவிட அதிகம் போய்விடுகிறது.

பாயத் தெரியாமல் வாங்குவது

மாஸ்டர்ஸ்காரர்களுக்காக இது. மேடையிலிருந்து பாய்ந்ததும் வயிறு நீரில் அறையும் சத்தம் எதிர்க்கரைக்குக் கேட்கிறது, கண்ணாடி வாய்க்கு இறங்கிவிடுகிறது, உடையில் மட்டும் கார்பன் இழை. சூட் வாங்கும் பணத்தில் பாய்ச்சலுக்கு மட்டும் தனிப்பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் மல்லேஸ்வரத்தில் தோசை சாப்பிடலாம்.

ஒரு அளவு சிறியதாக வாங்குவது

இறுக்கினால் வேகம் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பெண்கள் உடைமாற்றும் அறையில் இதன் விளைவை அருகிலிருந்து பார்க்கலாம். ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து, மகளின் பாதத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன்மேல் சூட்டின் கால்பகுதியை வழுக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். நகம் படாமல் விரல் நுனியின் சதையால் கிள்ளிக் கிள்ளி, அங்குலம் அங்குலமாக. முழங்காலைத் தாண்டவே பத்து நிமிடம். ஈரத்தில் ஏறாது என்பதால் மகள் வார்ம் அப்புக்குக் குளத்தில் இறங்கவே இல்லை. ஒருவழியாகத் தோள்பட்டி ஏறியதும் கைகளைத் தலைக்கு மேல் கோத்துக் காட்டச் சொன்னேன். பட்டி கீழே இழுத்ததில் கைகள் காதை எட்டவில்லை. அப்படியேதான் பாய்ந்தாள், முன்னால் நீள வேண்டிய கைகள் நெற்றிக்கு முன்னால் மடங்கி நின்றன.

கைகளை முழுதாக நீட்ட முடிகிறதா, வயிறு நிறைய மூச்சிழுக்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அது உங்கள் அளவு.

பயிற்சிக்கு அணிவது

குளோரின் தின்றுவிடும்.

உடையின் டைமிங்கைப் பிள்ளையின் டைமிங்காக எழுதிவைப்பது

மற்றவற்றில் பணம் போகும். பெரிய நிறுவனங்களின் மேல்நிலை உடைகள் ₹20,000ஐ எளிதாகத் தாண்டுகின்றன. போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். இந்தத் தவறில் பிள்ளையே குளத்தை விட்டுப் போகிறது. ஆண்டுகள் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

என் குழுவில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அல்சூர்க்காரர்கள், வீட்டில் தமிழ். அப்பா விடியற்காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஸ்டாப்வாட்சோடு மேல்படியில் உட்காருவார். சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பையன் 1:14. ஒரு போட்டிக்கு முன்னால் உறவினர் மூலம் டெக் சூட் வந்து சேர்ந்தது. என்னிடம் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். பையன் 1:11 நீந்தினான். டைரியில் சிவப்பு மையில் 1:11 ஏறியது. அடுத்த இலக்கு 1:08 என்று வீட்டில் முடிவும் ஆயிற்று.

அந்த மூன்று விநாடியில் உடையின் பங்கு எவ்வளவு? போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுத்திருந்தோம். பக்கத்து லேனில் வேகமான பையன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனான். புது உடை போட்ட குஷி வேறு. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகான மாதங்களில் அவனோடு முழுக்கத் திருப்பத்தில்தான் உழைத்தேன். ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு சுவருக்குப் பிறகும் 15 மீட்டர்வரை நீருக்கடியில் போக விதி இடம் தருகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் தொங்கும் கொடிக்கு முன்பே மேலே வந்து மூச்சுவிடுகிறார்கள். இவன் சுவரை உதைத்ததும் உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்துப் பூட்டி, இரு காலையும் சேர்த்து அடிக்கும் டால்பின் உதை நான்கு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கீழேயே கிடக்கக் கற்றான். கொடியைத் தாண்டி எழுந்தான். அதற்குள் ஆளும் வளர்ந்துவிட்டான். சூட் தொடைக்கு மேல் ஏற மறுத்தது. அடுத்த போட்டியில் முழங்கால்வரை வரும் நீச்சல் கால்சட்டையான சாதாரண ஜாமரில் இறங்கி 1:12.5 செய்தான்.

சாதாரண உடையில் 1:14 நீந்தியவன் சாதாரண உடையில் 1:12.5 நீந்தியிருக்கிறான். ஒன்றரை விநாடி முன்னேற்றம். நான் கரையில் குதித்தேன். டைரிக்கோ அது ஒன்றரை விநாடி சறுக்கல். அப்பா திட்டவில்லை, நல்ல மனிதர். டைரியை மூடிச் சட்டைப்பையில் வைத்தார், பையன் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டே அதைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, “மேடம், இவனுக்கு வேகம் குறைந்துகொண்டே வருகிறதே, ரத்தப் பரிசோதனை செய்துபார்க்கட்டுமா?” என்றார். நான் விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த கல்வியாண்டில் பையன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

உலகத்துக்கே நேர்ந்த குழப்பம்தான் இது. ஜெர்மனியின் பவுல் பீடர்மான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 1:46.00 நீந்தி ஐந்தாவது வந்தார். மறு ஆண்டு ரோமில், பாலியூரித்தேன் உடையில், மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்து 1:42.00இல் உலக சாதனை. தடைக்குப் பிறகு 2011 ஷாங்காயில் துணி உடையில் 1:44.88, வெண்கலம். ரோமை எடுத்துவிட்டுப் பார்த்தால் 1:46.00இலிருந்து 1:44.88, மூன்று ஆண்டில் ஒரு விநாடிக்கு மேல் முன்னேறிய அருமையான நீச்சல்காரர். ரோமை வைத்துப் பார்த்தால் சரிந்துபோனவர். அவருக்காவது உலகம் முழுவதும் உடையைப் பற்றித் தெரிந்திருந்தது. அல்சூர்ப் பையனுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு டைரி மட்டும்.

ஆகவே டைமிங் எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்த உடை என்று எழுதுங்கள். குளம் 25 மீட்டரா 50 மீட்டரா என்று எழுதுங்கள்: 100 மீட்டருக்குப் பள்ளியின் 25 மீட்டர் குளத்தில் மூன்று திருப்பம், பசவனகுடியின் 50 மீட்டர் குளத்தில் ஒன்றே ஒன்று, சுவரை உதைக்கும் வாய்ப்பு குறைந்ததால் நேரம் கூடத்தான் செய்யும். கையால் எடுத்த நேரமா, சுவரில் பொருத்திய டச் பேட் காட்டிய நேரமா என்று எழுதுங்கள். ஒலி கேட்டபின் கட்டைவிரல் அழுத்தும் தாமதத்தால் ஸ்டாப்வாட்ச் பெரும்பாலும் நேரத்தைக் குறைத்துத் தாராளமாகத்தான் காட்டும். சூட் நேரத்தைச் சூட் நேரத்தோடும், சாதா நேரத்தைச் சாதா நேரத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள். டைரியில் சாதாவுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று இரண்டு பத்தி போட்டுக்கொண்டால் போதும்.

பதின்மூன்று வயதுக்குக் கீழே இரண்டாவது பத்தியே தேவையில்லை. அமெரிக்க நீச்சல் அமைப்பு 2020 செப்டம்பர் முதல் பன்னிரண்டும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைகள் தன் போட்டிகளில் டெக் சூட் அணிவதைத் தடுத்துவிட்டது. ஒலிம்பிக் பதக்கங்களை அள்ளும் நாட்டுக்கே பத்து வயதில் இது வேண்டாம் என்றால், நம் மாநிலச் சங்கங்கள் அதே விதியைக் கொண்டுவரத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வயதுப் பிரிவுப் போட்டியில் இறுதிச் சுற்றின் எட்டு லேன்களில் நான்கில் விலையுயர்ந்த சூட், நான்கில் வெளுத்த ஜாமர் என்று நிற்கும்போது, அந்த வெளுத்த ஜாமர் பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் ஒருமுறை பார்க்க வேண்டும். பந்தயம் தொடங்கும் முன்பே அவர்கள் பக்கத்து லேனை எண்ணிப் பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

“மற்றவர்கள் எல்லாம் போடுகிறார்களே” என்பார்கள். என் குழுவில் போடுவதில்லை. இரண்டு குடும்பங்கள் இதற்காகவே வேறு பயிற்சியாளரிடம் போயின. போகட்டும்.

அண்ணனின் பழைய சூட்டை வாங்கிப் போடுவது

மேல்பூச்சு தேய்ந்து, துணி தளர்ந்து, தொடையில் தொளதொளவென்று நிற்கும் டெக் சூட் நீரை வாரி உள்ளே விட்டுக்கொள்ளும். அதைவிட இடுப்பில் கச்சிதமாக நிற்கும் ₹1,500 ஜாமர் மேல். சந்தேகம் இருந்தால் உடைமேல் கொஞ்சம் நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடாமல் துணி குடித்துவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது.

போட்டியன்று முதல்முறையாக அணிவது

எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது. ஒரு பயிற்சி நாளில் போட்டு, இரண்டு பாய்ச்சல், நான்கு திருப்பம், ஒரு 50 மீட்டர். கழற்றிவிடலாம். அணிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும். வார்ம் அப்பைப் பழைய உடையில் முடித்து, உடம்பை நன்றாகத் துவட்டி, அந்த நேரத்தோடு இன்னும் பத்து நிமிடம் சேர்த்து முன்கூட்டியே உடைமாற்றப் போங்கள். டிசம்பர் காலையில் திறந்தவெளிக் குளத்தில் துவட்டாமல் நின்றால் பற்கள்தான் தந்தியடிக்கும்.

முத்திரை பார்க்காமல் வாங்குவது

ஃபினா அல்லது அதன் இப்போதைய பெயரான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் அங்கீகார முத்திரை பின்புறம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் விலை எதுவானாலும் வேண்டாம்.

உள்ளே ஒன்று, மேலே ஒன்று

விதி ஒரே உடையைத்தான் அனுமதிக்கிறது. உடம்பில் டேப் ஒட்டிக்கொண்டு வருவதும் ஆகாது.