லைஃப் விளையாட்டில் பிள்ளையின் காரை நீங்கள் ஓட்டாதீர்கள்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் விளையாட வருவார்கள். ஒரு மேசையில் கேரம், ஒரு மேசையில் செஸ், ஜன்னலோர மேசையில் 'கேம் ஆஃப் லைஃப்'. கடைசி மேசைக்கு நான் பொறுப்பு. பெட்டியும் என்னுடையதுதான். அண்ணன் மஸ்கட்டிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது. மூலைகள் பிய்ந்து, பழுப்பு டேப் ஒட்டி இன்றும் ஓடுகிறது.

போன மாதம் புதிதாக இரண்டு குடும்பங்கள் வந்து ஆடின. நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஃபேனுக்குக் கீழே பணத்தாளை வைக்கக் கூடாது, குச்சியைச் சின்னக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் ஒரு தடவை ஆடினால் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கார். அதில் நீங்கள் ஒரு குச்சி. நடுவில் 1 முதல் 10 வரை எண் உள்ள சக்கரம். சுற்றி, விழுந்த எண்ணுக்குக் கட்டம் நகர வேண்டும். படிப்பு, வேலை, கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று பாதை போய் ஓய்வுக்காலத்தில் முடியும். கல்யாணம் ஆனால் காரில் இன்னொரு குச்சி, பிள்ளை பிறந்தால் மேலும் ஒன்று. கடைசியில் யாரிடம் சொத்து அதிகமோ அவருக்கு வெற்றி.

பாட்டி சீட்டுக்கட்டையும் பகடையையும் வீட்டுக்குள் விடமாட்டார், சூதாட்டம் என்பார். இந்தச் சக்கரத்தை மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1860இல் மில்டன் பிராட்லி என்ற அமெரிக்க அச்சுக்காரர் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டபோது, பகடை என்றால் சூது என்று அங்கேயும் நினைத்தார்கள். அதனால் அவர் எண் எழுதிய ஒரு சின்னப் பம்பரத்தை வைத்தார். நாம் இன்று ஆடும் காரும் சக்கரமும் அதன் நூற்றாண்டுக்காக 1960இல் ரூபன் கிளாமர் வடிவமைத்தவை.

ஓட்டப்பந்தயம் என்று நினைப்பது

நாம் எல்லோரும் தாயத்திலும் பரமபதத்திலும் வளர்ந்தவர்கள். முதலில் ஊர் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தார் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. லைஃப் ஆடும்போதும் 10 விழுந்தால் கைதட்டுகிறோம், 2 விழுந்தால் முகம் வாடுகிறது. இங்கே முதலில் சேர்ந்தவர் வெறுமனே முதலில் ஓய்வு பெற்றவர், அவ்வளவுதான். சில பதிப்புகளில் அதற்கு ஒரு போனஸ் உண்டு. ஆனால் வெற்றி கடைசியில் எண்ணும் பணத்தில்தான் இருக்கிறது. 1860 வடிவத்திலேயே 'இன்பமான முதுமை' என்ற கட்டத்துக்கு 50 புள்ளி கொடுத்தார்களே தவிர, ஜெயிப்பதற்கு 100 புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது.

வேகத்தில் கண் இருந்தால் சம்பளம் தவறும். சம்பளக் கட்டத்தில் நின்றால் மட்டுமில்லை, தாண்டிப் போனாலும் சம்பளம் உண்டு. புதியவர்கள் பெரிய எண் விழுந்த உற்சாகத்தில் காரைத் தூக்கிச் சாடி வைத்துவிடுகிறார்கள். நடுவில் இருந்த சம்பளம் போயே போச்சு. காரைத் தூக்காமல், ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு நகர்த்தச் சொல்லுங்கள்.

சிவப்புக் கட்டம்

9 விழுந்தாலும், நடுவில் சிவப்புக் கட்டம் வந்தால் அங்கே நிற்க வேண்டும். காரியத்தை முடித்துவிட்டு மறுபடி சுற்றலாம்.

பிள்ளைக்காக நாம் தேர்வு செய்வது

இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆட்டத்தின் முதல் நகர்வுக்கு முன்பே ஒரு கிளைப்பாதை. ஒரு பக்கம் கல்லூரி, ஒரு பக்கம் நேரே வேலை. எங்கள் பெட்டியில் கல்லூரிக்குப் போக 40,000 கடன் வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக, வேலை தேடும் கட்டத்தில் மூன்று அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நேரே வேலைக்குப் போகிறவருக்குக் கடன் இல்லை, சம்பளமும் சீக்கிரம் வரத் தொடங்கும். ஆனால் கைக்கு வந்த வேலைதான் வேலை. பட்டம் கேட்கிற அட்டை வந்தால் அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி, 91.75 சதவீதம். தோட்டத்தை அடகு வைத்தாவது பிள்ளையை நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ படிக்க வைக்கிற ஊர். அதனால் இந்தக் கிளைப்பாதைக்கு வந்தவுடன் மேசையைச் சுற்றி நிற்கிற பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "காலேஜ்" என்கிறார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் அடுத்த நொடி கை நீண்டு, பிள்ளையின் காரைத் திருப்பி வைத்துவிடுகிறது.

நானும் அதைச் செய்தவன். ஒரு மே மாத விடுமுறை. அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. வெளியே கோடைமழை. அவன் காரை வேலைப் பாதையில் வைத்தான். "மக்கா, காலேஜ் போனாத்தான் நல்ல வேலை" என்று நான் எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வேலை அட்டை எடுக்கிற இடம் வந்தது, "மாமா, எத எடுக்கணும்?" என்று கேட்டான். சொன்னேன். பங்கு வாங்குகிற இடத்திலும் கேட்டான். ஓய்வுக்கு எங்கே போவது என்பதையும் கேட்டான். எனக்கோ, பையன் நல்லபடியாகக் கேட்டு நடக்கிறான் என்று சந்தோஷம். கடைசியில் பணத்தை எண்ணினோம், அவன்தான் ஜெயித்திருந்தான். அவன் அதற்குள் எழுந்து முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். "ஜெயிச்சாச்சுடே" என்றேன். "நீங்கதானே மாமா ஜெயிச்சது" என்றான்.

மறுநாள் அவன் பரமபதத்தை எடுத்து விரித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரமபதத்தில் நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தாயம் சொல்கிறபடி ஏணி, தாயம் சொல்கிறபடி பாம்பு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுகிறவர்களுக்கு அது போதும், அந்த ஆட்டத்தின் அழகே அதுதான். லைஃபில் மனிதன் முடிவெடுக்கிற இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: படிப்பு, வேலை, காப்பீடு, பங்கு, ஓய்வு. மீதி முழுக்கச் சக்கரம். அந்த ஐந்தையும் நாம் பிடுங்கிக்கொண்டால் பிள்ளைக்குச் சக்கரம் சுற்றுகிற வேலை மட்டும்தான் மிஞ்சும். அதை அவன் பரமபதத்திலேயே செய்வான், கூடவே பாம்பும் இருக்கும்.

போன மாதம் வந்த குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை, ஆறாம் வகுப்பு இருக்கும். கல்லூரி முடித்து மூன்று அட்டைகளைத் திருப்பினாள். ஓவியர் அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எடுத்துக்கொண்டாள். அப்பா அதை வாங்கிக் கீழே வைத்து, மருத்துவர் அட்டையைக் கையில் திணித்தார். "பிள்ளே, இதான் பைசா வரும்." அந்த ஆட்டத்தின் கணக்குப்படி பார்த்தால் அதுவும் சரியில்லை. எங்கள் பெட்டியில் தொழில் அட்டை வேறு, சம்பள அட்டை வேறு. ஓவியருக்கு மேல்தட்டுச் சம்பளமும் மருத்துவருக்கு அடிமட்டச் சம்பளமும் வரலாம். அன்று அந்தப் பிள்ளைக்கு வந்தது சின்னச் சம்பளம்தான். அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு சம்பளக் கட்டத்திலும் அவர்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அவர் நல்ல மனிதர், மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன். இது பலகை, இங்கே தவறான பாதையில் போனால் ஒரு மணி நேரத்தில் பெட்டியை மூடி மறுபடி தொடங்கலாம். பிள்ளை தப்பாகத் தேர்வு செய்து பார்க்க இதைவிடச் செலவில்லாத இடம் எங்கே கிடைக்கும்?

நான் இப்போது சில ஏற்பாடுகள் செய்கிறேன். மேசையில் ஒரே ஒரு சட்டம்: அவரவர் கை அவரவர் கார் மேல். கிளைப்பாதைக்கு வரும்போது வயதில் சின்னவர் முதலில் முடிவெடுக்க வேண்டும், பெரியவர்கள் கடைசியில். பெரியவர் முதலில் போனால் பிள்ளைகள் அதே பாதையில்தான் பின்னால் வருவார்கள். பிள்ளை யோசனை கேட்டால் இரண்டு பக்கமும் சொல்லுங்கள், இதில் கடன், அதில் அட்டை குறைவு என்று. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் தோற்கும்போது "நான் அப்பவே சொன்னேன்லா" என்ற வார்த்தை வரவே கூடாது. அந்த ஒரு வார்த்தை அடுத்த ஆட்டத்தின் ஐந்து தேர்வுகளையும் தின்றுவிடும்.

கல்யாணக் கட்டத்தில் கேலி

"யாரைக் கட்டப்போற?" என்று கேட்டுச் சிரிக்காதீர்கள். பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

கடனை அவசரமாக அடைப்பது

கடன் இருந்தால் சோறு இறங்காது என்று நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் கையில் 25,000 சேர்ந்தவுடன் புதியவர்கள் வங்கியிடம் ஓடிப்போய் அடைக்கிறார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் செய்தேன். எங்கள் பெட்டியில் ஒரு கடன் தாளுக்கு 20,000 கிடைக்கும், திருப்பும்போது 25,000. புதிய பெட்டிகளில் 50,000 வாங்கினால் 60,000. அந்த வட்டி ஒரே தடவைதான். இன்று கொடுத்தாலும் கடைசியில் கொடுத்தாலும் அதே தொகை. சீக்கிரம் அடைத்துக் கையைக் காலி செய்துவிட்டு, அடுத்த கட்டத்தில் வரி வந்து மறுபடி கடன் வாங்கினால் இன்னொரு 5,000 நஷ்டம். ஆகவே ஓய்வுக்குப் போகும்வரை கடன் தாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கும்போதே இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: வெளியே வட்டி இப்படி நிற்காது. அம்மாவின் வளையலை அடகு வைத்தால் ஒவ்வொரு மாதமும் ஏறும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "கடனை மெல்ல அடைக்கலாம்ணா" என்று என்னிடமே சொன்னபோது, நான் பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தது. அன்று ஒரு நோட்டை எடுத்து, மாதம் நூற்றுக்கு இரண்டு, வட்டிக்கும் வட்டி என்று போட்டு அவனையே கணக்குப் போடச் சொன்னேன். மூன்றாம் வருஷத்தில் கடன் இரண்டு மடங்கைத் தாண்டியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

பங்கைத் தாமதமாக வாங்குவது

எங்கள் பெட்டியில் பங்கின் விலை 50,000. உங்கள் பங்கு அட்டையில் உள்ள எண்ணை யார் சுற்றி விழவைத்தாலும் 10,000 வரும். போட்ட பணம் திரும்பி வர அந்த எண் ஐந்து தடவை விழ வேண்டும். சக்கரத்தில் 10 எண்கள். சராசரியாக 50 சுற்று. நான்கு பேர் ஆடினால் பன்னிரண்டு பதின்மூன்று முறை முறைசுற்றி வர வேண்டும். பாதி ஆட்டம் போன பிறகு வாங்குவது வீண். ஆட்கள் அதிகம் என்றால் முதலிலேயே வாங்குங்கள், இரண்டு பேர்தான் என்றால் யோசியுங்கள்.

காப்பீடு

சாதாரண நாளில் யாரும் இதை வாங்குவதில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. ரப்பரும் வாழையும் விழுந்து, கம்பங்கள் சாய்ந்து, எங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடற்கரை ஊர்களில் திரும்பி வராதவர்களை எண்ணிக் காத்திருந்த நாள்கள் அவை. பெரியவர்கள் யாருக்கும் பேச்சே வரவில்லை. பிள்ளைகளை ஒரு இடத்தில் உட்கார வைக்க இந்தப் பெட்டியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விரித்தோம். ஓடு பறந்த வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அன்று ஒருவர் விடாமல் வீட்டுக் காப்பீடு வாங்கினார்கள். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆட்டக் கணக்கிலும் அது புத்திசாலித்தனம்தான், விலை உயர்ந்த வீட்டுக்கு நிச்சயம் வாங்க வேண்டும்.

குச்சியின் நிறம்

நீலமோ இளஞ்சிவப்போ, ஒரே மதிப்பு. திருப்பிப் போட்டு வேறு எடுக்கக் கூடாது.

டாலரை ரூபாயாக மாற்றுவது

வேண்டாம். ஆட்டம் நின்றுவிடும்.

ஓய்வுக்குப் பெரிய வீட்டையே பார்ப்பது

பழைய பெட்டியில் ஓய்வுக்கு இரண்டு இடங்கள். கோடீஸ்வரர் மாளிகைக்குப் போகிறவர்களில் பணம் அதிகம் உள்ளவருக்கு அங்கே வைத்திருக்கிற நான்கு லைஃப் வில்லைகள் (கடைசியில் திருப்பிப் பார்த்துப் பணமாக எண்ணுகிற சின்ன அட்டைகள்). கிராமத்து வீட்டுக்குப் போனால் ஒரே ஒரு வில்லை, ஆனால் உங்கள் வில்லைகளை யாரும் தொட முடியாது. குவியலில் வில்லை தீர்ந்த பிறகு மற்றவர்கள் மாளிகைக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. எதிராளிகளின் பணத்தை ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் முன்னால் இருப்பதில் சந்தேகம் இருந்தால் கிராமத்துக்குப் போங்கள்.

பெட்டிக்குப் பெட்டி

நான் சொன்ன தொகைகள் எங்கள் பெட்டிக்கு உரியவை. உங்கள் பெட்டியின் விதித்தாளை எடுத்து, மூடியின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்.