“மிஸ், ஒரு சின்னக் கேள்வி”: உசாத்துணை மேசையில் கேட்பது எப்படி

“மிஸ், ஒரு சின்னக் கேள்வி” என்று தொடங்கியவர்களில் சின்னக் கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை. கொழும்பில் ஒரு பொது நூலகத்தின் உசாத்துணை மேசையில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை. கீழே என் பிழைகளும் வருகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் நூலகத்துக்குப் போவார்கள், இரவல் பகுதியில் ஒரு நாவலை எடுப்பார்கள், அந்த மேசையைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குப் போவார்கள். அங்கே இருப்பவர் ஏதோ முக்கியமாக எழுதிக்கொண்டிருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைப்பு. தாராளமாகத் தொந்தரவு செய்யுங்கள். அதற்குத்தான் சம்பளம்.

உசாத்துணைப் பகுதி என்பது வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத நூல்களின் இடம்: அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், சட்டங்கள், அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானிகள், வரைபடங்கள், கட்டிவைத்த பழைய பத்திரிகைகள். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘பார்வை நூல்கள்’ என்பார்கள். எங்கள் சொல்தான் எனக்குப் பிடிக்கும். உசாவுதல் என்றால் கேட்டு அறிதல். புத்தகத்தைப் பார்த்தால் போதும் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. வாயைத் திறக்கச் சொல்கிறது.

வாயைத் திறக்கும்போது கேள்வியைச் சுருக்கிவிடாதீர்கள். எங்கள் ஆட்களிடம் நான் கண்ட பெரிய குறை இதுதான். “என் வீட்டுக் கதை இவருக்கு எதற்கு” என்ற கூச்சத்தில் கேள்வியின் கையையும் காலையும் வெட்டி, ஒரு தலைப்பாக்கிக் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா வந்தார். “தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய புத்தகம் எங்கே இருக்கிறது, மிஸ்?” எனக்கு அன்று வேலை அதிகம். 633.72 என்ற இலக்கம் உள்ள தட்டைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். முக்கால் மணிநேரம் கழித்துப் பார்த்தால், தேயிலைச் செடியைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஐயா, புத்தகம் கிடைத்தால் அதில் எதைப் பார்ப்பீர்கள்?” என்று கேட்டேன். அப்போதுதான் விடயம் வெளியே வந்தது. 1950களில் தகப்பனார் வேலை செய்த தோட்டம் எந்தக் கம்பனிக்குச் சொந்தமாக இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பழைய பதிவொன்றைத் தேடிப் போவதற்கு அது தேவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகக் குடும்பங்களுக்கு இப்படிக் கடதாசி தேடி அலைவது பரம்பரை வேலை. 1964 ஒக்டோபரில் அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட பின்னும் அலைந்தார்கள். குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னும் எங்கள் மேசைக்கு வந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், தோட்டத்தின் பெயராக அவருக்குத் தெரிந்தது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வழங்கிய தமிழ்ப் பெயர். கம்பனிப் பதிவில் இருப்பதோ ஏதோ ஒரு ஸ்கொட்லாந்துக் கிராமத்தின் பெயராக இருக்கலாம். “எந்த ஸ்டேசனில் இறங்குவீர்கள்?” “தலவாக்கலையில் இறங்கி நடப்போம்.” அது போதும். பேர்கசன் டிரெக்டரி என்று ஒரு தடித்த ஆண்டு நூல் 1859 முதல் வந்தது; தோட்டங்களைப் பிரதேசவாரியாக அடுக்கி, உரிமையாளர், ஏக்கர், தோட்டத்தை நடத்திய துரையின் பெயர் எல்லாம் போட்டிருப்பார்கள். டிம்புள்ளப் பகுதியை எடுத்து, நான் ஆங்கிலத்தில் வாசிக்க வாசிக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டப் பெயர்கள் ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு துரையின் பெயரை வாசித்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “அவன்தான் மிஸ். அப்பாவை அடித்தவன்.”

“தோட்டங்களைப் பற்றிய புத்தகம்” என்ற கேள்வியில் இதில் எதுவும் இல்லை.

ஆகவே மேசைக்கு வந்ததும், எந்தத் தேவைக்காகத் தேடுகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லுங்கள். பிழையாக இருக்கலாம் என்று தோன்றுவதையும் சேர்த்துத்தான். எங்கெல்லாம் தேடிப் பார்த்தீர்கள், எந்த மொழியில் வாசிப்பீர்கள், எந்த நாளுக்குள் வேண்டும் என்பதையும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. காரணத்தைச் சொல்ல விருப்பமில்லையா, சொல்ல வேண்டியதில்லை. நல்ல நூலகர் ‘ஏன்’ என்று கேட்கமாட்டார். கேட்டால் ஆள் வாயை மூடிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். நோயைப் பற்றியோ விவாகரத்தைப் பற்றியோ என்றால் “தெரிந்த ஒருவருக்காக” என்று சொல்லுங்கள். அந்தத் தெரிந்தவர் யார் என்று எங்களுக்கும் தெரியும், அதோடு விடயம் மேசையைத் தாண்டாது. சீர்காழியில் பிறந்து நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நான்காவது விதியாக வைத்தது ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பது. வாசகர் கொஞ்சம் ஒத்துழைத்தால்தான் அதைச் சேமிக்க முடியும் என்று ஓர் அடிக்குறிப்பை நானாக இருந்தால் சேர்த்திருப்பேன்.

பழைய பத்திரிகை பார்க்க வருகிறீர்கள் என்றால் திகதிதான் சாவி. “மாமாவின் மரண அறிவித்தல், எழுபதுகளில்” என்றால் பத்து வருடக் கட்டுகளைப் புரட்ட வேண்டும். கையெல்லாம் தூசி, முடிவில் தும்மல்தான் மிச்சம். வீட்டில் கல்வெட்டுப் புத்தகம், அதாவது இறந்தவரின் நினைவு மலர், இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்ததில் இறந்த திகதியும் திதியும் இருக்கும். அதற்கு அடுத்த மூன்று நான்கு நாள் பத்திரிகையைப் பார்த்தால் போதும். பத்திரிகை எப்போது பிறந்தது என்பதையும் மனதில் வையுங்கள். வீரகேசரி 1930 ஆகஸ்ட் 6 அன்று தொடங்கியது, தினகரன் 1932 மார்ச் 15 அன்று. 1927ஆம் ஆண்டு வீரகேசரியைக் கேட்டு என்னோடு சண்டை பிடித்தவரும் உண்டு.

திகதியே தெரியாவிட்டால் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். “நான் புயல் அடித்த அன்று பிறந்தேன்” என்று ஒருவர் வந்தார். அறுபதாம் கலியாணம் வருகிறது, நட்சத்திரம் பார்க்க வேண்டும், பிறப்புச் சான்றிதழில் இருப்பதோ பிந்திப் பதிந்த ஏதோ ஒரு திகதி. எந்தப் புயல் என்று கேட்டேன். புயலில் என்ன எந்த என்பது போலப் பார்த்தார். மட்டக்களப்புக்காரர் புயல் என்றால் அது 1978 நவம்பர் 23. இவர் மன்னார். அப்படியென்றால் தனுஷ்கோடியை விழுங்கிய அதே புயல், 1964 டிசம்பர் 22 இரவு. பத்திரிகைக் கட்டை எடுத்தோம், பிறகு அந்த வருடப் பஞ்சாங்கத்துக்கு ஆள் தேடினோம். அவரைப் பற்றி மிச்சம் பிறகு சொல்கிறேன்.

பெயர்களில்தான் தமிழர்கள் அதிகம் தடுமாறுகிறோம். கணினிப் பட்டியலில் ‘கந்தையா’ என்று தேடினால் ஒன்றும் வராது, ஆனால் புத்தகம் தட்டில் இருக்கும். ஆங்கில எழுத்தில் பதிந்தவர் நடுவில் ‘டி’ போட்டாரா, ‘டி எச்’ போட்டாரா, ‘ஐ’க்கு முன் ‘ஏ’ சேர்த்தாரா என்பது அவரவர் காது. முதலெழுத்தும் அப்படித்தான்: அட்டையில் ‘சு.’ என்றிருப்பவர் பட்டியலில் ‘எஸ்.’ ஆகியிருப்பார். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது தெரியாத பட்டியலாளர் ஒருவர் தகப்பன் பெயரைப் பிடித்து முன்னால் போட்டிருந்தால், மகன் எழுதிய நூல்கள் எல்லாம் தகப்பன் கணக்கில் கிடக்கும். ஆகவே எழுத்தாளர் பெயரைக் கடதாசியில் தமிழிலும், உங்களுக்குத் தெரிந்த எல்லா ஆங்கில வடிவங்களிலும் எழுதிக் கொடுங்கள். மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாத நாட்களிலும் அந்தக் கடதாசி கைகொடுக்கும்; தமிழ் தெரிந்த ஆளிடம் அது தானாகப் போய்ச் சேரும்.

தட்டு இலக்கங்களில் மூன்றைப் பாடமாக்கினால் போதும். தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. 1876இல் அமெரிக்கரான டியூயி வகுத்த முறை இது. ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுவதையும் எழுதிக் கொடுத்த மனிதர், சங்க காலம் தொட்டு எழுதிக்கொண்டிருப்பவர்களைப் புள்ளிக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார். இருபத்தாறு வருடமும் எனக்கு இதில் மனக்குறைதான்.

சட்டம் கேட்டு வருபவர்கள் கவனமாக இருங்கள். இது என் பிழையில் படித்தது. வீட்டுக்காரரோடு தகராறு என்று ஒருவர் வர, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரதி எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். அதற்குப் பிறகு வந்த திருத்தங்களை நான் சேர்த்துக் கொடுக்கவில்லை. சட்டத்தரணி சிரித்தாராம். மறுநாள் அவர் அதே பிரதியை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எந்தச் சட்டத்தைக் கையில் வாங்கினாலும் “திருத்தங்களோடா?” என்று கேளுங்கள். வர்த்தமானி என்றால் இலக்கமும் திகதியும் வேண்டும். வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், அதிவிசேட வர்த்தமானி எந்த நாளும் வரும்.

அந்தச் சட்டம் உங்கள் வழக்குக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையை நீட்டி “இது கூடவா குறைவா” என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அகராதியையும் மருத்துவ நூலையும் திறந்து, பக்கத்தைக் காட்டி, பக்கத்தில் இருப்பேன். பொருள் சொல்ல மாட்டேன். பிள்ளையின் ஒப்படையை அம்மாமார் செய்ய வருவதும் ஒரு வகை. பிள்ளையைக் கூட்டிவாருங்கள். பிள்ளையிடம் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை, அம்மாவிடம் அரை மணிநேரம் எடுக்கும்.

“இல்லை” என்ற பதிலோடு திரும்பிப் போகாதீர்கள். எங்கே தேடினீர்கள், அடுத்து எங்கே போகலாம் என்று கேளுங்கள். அதைச் சொல்வதும் மேசையின் வேலைதான். பழைய பத்திரிகையும் அரசாங்க ஆவணமும் என்றால் தேசிய சுவடிகள் திணைக்களம். இலங்கையில் அச்சான பழைய நூல் என்றால் 1877இல் தொடங்கிய நூதனசாலை நூலகம். 1885ஆம் ஆண்டின் அச்சகச் சட்டத்தால் நூல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. சுதந்திர சதுக்கத்துப் பக்கம் தேசிய நூலகம் 1990இல் திறந்தது. விகாரமகாதேவி பூங்காவை ஒட்டிய கொழும்பு பொது நூலகத்தையும் சேர்த்தால் எல்லாம் கொழும்பு 7க்குள். நல்ல செருப்பும் ஒரு குடையும் போதும். தமிழ் நூல் என்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அச்சான சஞ்சிகைகளைத் தேடுபவர்கள், 1981இல் அங்கே நூலகம் எரிந்த பின் மிஞ்சியதை ஊர் ஊராகப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது ‘நூலகம்’ என்றே பெயர் வைத்த நிறுவனம் 2005 முதல் அவற்றை இணையத்தில் மின்வடிவில் சேர்த்துவருகிறது. வீட்டில் இருந்தே பார்த்துவிட்டு, அங்கே கிடைக்காததை எங்களிடம் கொண்டுவாருங்கள்.

காலையில் வாருங்கள். உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு கதிரை கிடைக்காது. மூடுவதற்குக் கால் மணிநேரம் இருக்கும்போது குடும்ப வரலாறு கேட்டு வருபவரை எந்த நூலகரும் உள்ளூர மன்னிக்கமாட்டார். பென்சில் கொண்டுவாருங்கள், பழைய தாளின் மேல் மை சிந்துவதைப் பார்க்கும் நெஞ்சு எங்களுக்கு இல்லை.

தேடியது கிடைத்தால் ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போங்கள். நாங்கள் கதையின் நடுப்பகுதியை மட்டும் கேட்பவர்கள். மன்னார்க்காரர் வந்து சொன்னார். 1964 டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. அவருடைய தாயாரோ சாகும்வரை “நீ புதன்கிழமைப் பிள்ளை” என்றே சொல்லியிருக்கிறார். புயல் இரவெல்லாம் அடித்தது, விடியப்புறம் பிறந்திருந்தால் புதன்தான் என்றேன். பஞ்சாங்கத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “அம்மா சொன்னது புதன் மிஸ். பேப்பர்காரன் என்ன அங்கேயா நின்றான்?”