கர்ப்பகால ஆய்வில் தரவு வேலை: வேலூர்ப் பக்கம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

நர்சிங்கோ, சமூகப்பணியோ, புள்ளியியலோ படித்துவிட்டு வேலூரில் ஒரு பன்னாட்டு ஆய்வில் தரவு வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" என்பதுதான். சாஃப்ட்வேர் ஒரு வாரத்தில் வந்துவிடும். வேறு நாட்டில் உட்கார்ந்து எழுதிய கேள்வித்தாளைக் குடியாத்தத்துத் திண்ணையில் கேட்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பழகத்தான் நாளாகும். பெரும்பாலான பிழைகள் கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் இந்த விளக்கத்தில் திரைக்கு வெளியே நடப்பதுதான் அதிகம்.

படி 1: தாளில் மூன்று அட்டவணை போடுங்கள்

எக்செல்லைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரையுங்கள்: பெண், கர்ப்பம், குழந்தை. ஒரு பெண்ணுக்குப் பல கர்ப்பம் இருக்கலாம். ஒரு கர்ப்பத்தில் இரட்டைப் பிள்ளை பிறக்கலாம், பிள்ளையே பிறக்காமலும் போகலாம். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடைக்கப் பார்த்தால் முதல் இரட்டைப் பிரசவத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த அமைப்பு கேள்வி கேட்கும் முறையையும் திருத்தும். "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டால் உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கைதான் வரும். பிறந்து இறந்தது, வயிற்றிலேயே போனது, மூன்றாம் மாதத்தில் கலைந்தது எதுவும் வராது. முதல் கர்ப்பத்திலிருந்து ஒவ்வொன்றாக, "அது என்ன ஆச்சு?" என்று கேட்டு ஒரு கர்ப்பத்துக்கு ஒரு வரிசை எழுதுங்கள். மொத்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடட்டும்.

படி 2: எண் கொடுங்கள்

ஆய்வு எண்ணில் பெயரின் முதலெழுத்தோ ஊரோ பிறந்த வருடமோ இருக்கக் கூடாது. தாய் அட்டையில் இருக்கும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு கொடுக்கும் எண்) ஆய்வு எண்ணாக வைக்காதீர்கள். அது அரசுப் பதிவோடு நேராக இணைந்த எண். தனி எண் ஒன்றை உருவாக்கி, கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேருங்கள்.

எளிய வழி இது. 2704 என்ற எண்ணின் இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 46. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 2. 11 இலிருந்து 2 போனால் 9. ஆக எண் 2704-9. யாராவது அவசரத்தில் 2740-9 என்று எழுதினால் கணக்கு 5 என்று வரும், திரை உடனே மறுக்கும். விடை 10 வரும் எண்களை விட்டுவிடுங்கள். 11 வந்தால் 0 என்று வையுங்கள்.

படி 3: கடைசி மாதவிடாய்த் தேதி

இந்த ஒரு தேதியில்தான் பாதி ஆய்வு நிற்கிறது. கர்ப்பத்தின் வாரக் கணக்கு, பிரசவத் தேதி, குறைப்பிரசவமா இல்லையா என எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. கணக்கு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைப்பிரசவம்.

ஒரு உதாரணம். "பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சேன்" என்கிறார் ஒரு பெண். 2025 பொங்கல் ஜனவரி 14, எனவே அந்த வெள்ளி ஜனவரி 10. செப்டம்பர் 24 அன்று குழந்தை பிறக்கிறது. ஜனவரி 10 இலிருந்து எண்ணினால் 257 நாள், அதாவது 36 வாரம் 5 நாள். குறைப்பிரசவம். ஆனால் அவர் சொன்னது குளித்த நாள். மூன்றாம் நாள் குளித்திருந்தால் முதல் நாள் ஜனவரி 8, கணக்கு 259 நாள், சரியாக 37 வாரம். குழந்தை இப்போது குறைமாதம் இல்லை. இரண்டே நாளில் ஆய்வின் முக்கிய முடிவு புரண்டுவிடுகிறது. "அது முதல் நாளா, குளிச்ச நாளா?" என்று அடுத்த கேள்வியைப் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். களப்பணியாளரின் நினைவை நம்பி விடாதீர்கள்.

பலருக்கு ஆங்கிலத் தேதி நினைவிருக்காது. அதற்காக உள்ளூர் நாட்காட்டி ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள்: ஆடிக்கிருத்திகை, தீபாவளி, ரம்ஜான், மே மாத நடுவில் வரும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பள்ளி திறந்த நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வருடத்தின் ஆங்கிலத் தேதி. ரம்ஜான் வருடத்துக்கு வருடம் நகரும் என்பதால் பழைய தாளை அப்படியே நகலெடுக்கக் கூடாது.

தேதியோடு இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும். இந்தத் தேதி எங்கிருந்து வந்தது: நினைவா, தாய் அட்டையா, ஸ்கேனா? எவ்வளவு துல்லியம்: நாளா, வாரமா, மாதமா? ஸ்கேன் வேறு தேதி காட்டினால் பழைய தேதியை அழித்துவிட்டு அதை எழுதாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். முதல் மூன்று மாத ஸ்கேன்தான் அதிகம் நம்பத்தக்கது; எத்தனை நாள் வித்தியாசம் இருந்தால் ஸ்கேனை ஏற்பது என்பதை ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள்.

தேதி எழுதும் வடிவம் 2025-01-10 போலவே இருக்கட்டும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கக் குழுவுக்கு மே 6.

படி 4: ஊர், தாய்வீடு, போன் நம்பர்

வேலூர் என்று எழுதினால் எந்த வேலூர்? வட ஆற்காடு மாவட்டம் 1989 இல் பிரிந்தது. மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019 இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. 2018 இல் பதிவான வாணியம்பாடிப் பெண் வேலூர் மாவட்டம். அவர் தங்கை 2021 இல் திருப்பத்தூர் மாவட்டம். வீடு அங்கேயேதான் இருக்கிறது. கிராமத்துக்கு மாறாத குறியீடு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மாவட்டத்தைத் தனிப் பட்டியலிலிருந்து எடுங்கள். இங்கே 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த ஆய்வு உண்டு. இந்த ஊரில் ஆய்வு மாவட்ட எல்லையைவிட அதிகம் ஆயுள் கொண்டது.

அடுத்தது வளைகாப்பு. ஏழாம் மாதம் வளையல் போட்டதும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவார். அது அணைக்கட்டாக இருக்கலாம், ஆந்திர எல்லை தாண்டிச் சித்தூராகவும் இருக்கலாம். வெளிநாட்டுப் படிவத்தில் முகவரிக்கு ஒரே கட்டம்தான் இருக்கும். அதை நம்பினால் எட்டாம் மாதம் கதவு பூட்டியிருக்கும், நீங்கள் 'தொடர்பு இழந்தார்' என்று எழுதுவீர்கள். அதுவும் முதல் பிரசவப் பெண்களே இப்படி அதிகம் விடுபட்டால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சேரும் நாளிலேயே தாய்வீட்டு முகவரியையும் எங்கே பிரசவம் பார்க்க உத்தேசம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

போன் நம்பர் வாங்கும்போது அது யாருடைய போன், எந்த நேரத்தில் கூப்பிடலாம், என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்பதும் வேண்டும். கணவர் போனாக இருந்து, அவருக்கு முந்தைய கருக்கலைப்பு தெரியாமல் இருந்தால், "ஆய்விலிருந்து பேசுறோம்" என்ற ஒரு வரி போதும் வீட்டில் கலவரம் வர.

படி 5: தரவு அகராதி

ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர், பொருள், அலகு, ஏற்கும் எல்லை ஆகியவற்றை ஒரு பட்டியலில் எழுதுங்கள். அலகு இல்லாத எண் ஆபத்து. இங்கே ஹீமோகுளோபின் 10.8 என்று வரும், சில நாடுகளில் அதே அளவு 108. நம்முடைய சர்க்கரை 92 அங்கே 5.1. விடை இல்லாததற்கும் குறியீடு வேண்டும்: தெரியாது -99, சொல்ல மறுத்தார் -88, பொருந்தாது -77. கழித்தல் குறி இல்லாமல் 99 என்று வைத்தால் யாரோ ஒருவரின் எடை 99 கிலோ ஆகிவிடும்.

செத்துப் பிறந்தது, கருச்சிதைவு என்ற வகைகளைக் களத்தில் முடிவு செய்ய வேண்டாம். பன்னாட்டு ஒப்பீட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்தை எல்லையாக வைக்கிறது. வேறு நாடுகளில் 20, 22, 24 என்று உண்டு. வாரத்தையும் எடையையும் அப்படியே பதிவு செய்தால் பின்னால் எந்த வரையறைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: சட்டம் தொடும் கட்டங்கள்

பல நாடுகளுக்குப் பொதுவான ஸ்கேன் படிவத்தில் கருவின் பாலினம் என்று ஒரு கட்டம் இருந்தால், இந்தியப் பதிப்பிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தெரிவிப்பதே குற்றம். காலியாக விடுவது போதாது, கட்டமே இருக்கக் கூடாது. பிறந்த பிறகு குழந்தையின் பாலினத்தைப் பதியலாம். 18 வயது நிறையாத கர்ப்பிணி வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமை வருகிறது. ரகசியம் காப்போம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதும்போது இதையும் நெறிமுறைக் குழுவோடு பேசி எழுதியிருக்க வேண்டும்.

பெயர், முகவரி, போன் ஒரு கோப்பில். ஆய்வு விடைகள் இன்னொன்றில். இரண்டையும் இணைக்கும் பட்டியல் மூன்றாவதாக, கடவுச்சொல்லோடு, ஓரிருவர் கையில் மட்டும்.

படி 7: மென்பொருள், சரிபார்ப்பு, அனுப்புதல்

தரவு சேகரிக்கும் மென்பொருள் ரெட்கேப், ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் எதுவானாலும் சரி. பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்தில் சிக்னலை நம்ப முடியாது, எனவே இணையம் இல்லாமலும் படிவம் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்செல்லில் எண்ணின் முன்னிருக்கும் பூஜ்யம் காணாமல் போகும் என்பதால் அதை மூலப் பதிவாக வைக்காதீர்கள்.

காகிதப் படிவத்தில் வெள்ளை மை கூடாது. தவறை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வாரம் ஒருமுறை குழந்தைகளின் பிறப்பு எடைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2500, 3000 என்று முழு எண்களாகவே குவிந்தால் யாரோ தராசைப் பார்க்காமல் உத்தேசமாக எழுதுகிறார்கள். 2500 கிராமுக்குக் கீழே என்றால்தான் எடை குறைவு என்பதால் அந்த இடத்துக் குவியல் தனியாகக் கவனிக்க வேண்டியது. அப்புறம் கோபப்படாமல் நேரில் போய்த் தராசைச் சோதியுங்கள். பல சமயம் பேட்டரிதான் காரணம்.

வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பும் முன், வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளைப் பரிசீலிக்கும் சுகாதார அமைச்சகக் குழுவின் (HMSC) அனுமதியும் தரவுப் பகிர்வு ஒப்பந்தமும் கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராமப் பெயரை நீக்குங்கள். சின்ன ஊரில் அந்த வருடம் ஒரே ஒரு இரட்டைப் பிரசவம் நடந்திருந்தால் பெயரே தேவையில்லை, ஊர் முழுக்கத் தெரியும். அந்த மாதிரி வரிசைகளில் பிறந்த தேதியையும் மாதமாகச் சுருக்கிவிடுங்கள். அனுப்பிய கோப்பின் பூட்டிய நகல் ஒன்றை, தேதியும் பதிப்பு எண்ணும் பெயரில் வரும்படி, உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அங்கிருந்து வரும் கேள்வி அந்தப் பதிப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.