கம்பைலரில் ப்ளூம் ஃபில்டர்: தமிழ்ப் பெயர்களை வேகமாகத் தேடும் முறை

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலரோடு சேர்ந்து, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதக்கூடிய ஒரு சின்ன மொழிக்குக் கம்பைலர் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் பெயர்களைத் தேடும் பகுதியில் ப்ளூம் ஃபில்டரை (ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்று சட்டென்று சொல்லிவிடும் சின்ன பிட் வரிசை) சேர்த்த முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஹாஷ் டேபிள் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும்.

படி 1: 'இல்லை' எங்கே அதிகம் வருகிறது என்று பாருங்கள்

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலுக்குக் கட்டணம் கூட்டும் நிரல் இது:

செயல் பயணக்கணக்கு(நிலையங்கள்) {
  மொத்தம் = 0
  ஒவ்வொரு நிலையம் : நிலையங்கள் {
    தூரம் = தொலைவு(நிலையம்)
    தூரம் > 10 எனில் {
      கூடுதல் = கட்டணம்(தூரம்)
      மொத்தம் = மொத்தம் + கூடுதல்
    }
  }
}

உள்ளே இருக்கும் 'எனில்' பகுதியில் 'கட்டணம்' என்ற பெயர் வருகிறது. கம்பைலர் முதலில் அந்தப் பகுதியின் ஸ்கோப்பில், அதாவது அந்த அடைப்புக்குள் அறிவித்த பெயர்களில் தேடும், இல்லை. அடுத்து சுழற்சியின் ஸ்கோப், அங்கும் இல்லை. செயலின் ஸ்கோப், இல்லை. கடைசியாக வெளியே, பொது ஸ்கோப்பில்தான் கிடைக்கும். ஒரு பெயரைக் கண்டுபிடிக்க மூன்று முறை 'இல்லை' கேட்க வேண்டியிருக்கிறது. நிரல் நீளமாகி, அடுக்குகள் கூடக் கூட இந்த 'இல்லை'களும் பெருகும்.

ப்ளூம் ஃபில்டர் பயன்படுவது இந்த மாதிரி இடத்தில்தான். தேடுவது பெரும்பாலும் கிடைத்துவிடும் என்றால் அது வெறும் கூடுதல் வேலை.

படி 2: ஃபில்டர் என்ன சொல்லும், என்ன சொல்லாது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் போய் ஒரு சைஸ் கேட்கிறீர்கள். கடைக்காரர் "இல்ல" என்றால் இல்லைதான், அடுத்த கடைக்குப் போகலாம். "இருக்கலாம், குடோன்ல பார்க்கணும்" என்றால், பார்த்த பிறகுதான் தெரியும். ஃபில்டரின் பதிலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அதன் 'இல்லை' உறுதியானது. 'இருக்கலாம்' என்றால் உண்மையான டேபிளைத் திறந்து பார்க்க வேண்டும்.

பர்ட்டன் ப்ளூம் 1970-இல் இந்த யோசனையை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் சொற்களைத் தேடுவதுதான்: வரி முடிவில் சொல்லை உடைக்கும் ஒரு நிரல். பெரும்பாலான சொற்களை எளிய விதிகளாலேயே உடைத்துவிடலாம், மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கு மட்டும் டிஸ்க்கில் இருக்கும் அகராதியைப் பார்த்தால் போதும்.

இயங்கும் விதம் எளிது. எல்லாம் 0-ஆக இருக்கும் 16 பிட்டுகள் உள்ளதாக வைத்துக்கொள்வோம். 'தூரம்' என்ற பெயரை ஹாஷ் செய்தால் 3, 11 ஆகிய இடங்கள் கிடைக்கின்றன, அந்த இரண்டையும் 1 ஆக்குகிறோம். 'நிலையம்' என்பதற்கு 6, 11. இப்போது 'மொத்தம்' இருக்கிறதா என்று கேட்கிறோம், அதற்கு உரிய இடங்கள் 3, 8. எட்டாவது பிட் 0. அந்தப் பெயரைச் சேர்த்திருந்தால் அது 1 ஆகியிருக்கும், ஆகவே உறுதியாக இல்லை. 'கட்டணம்' என்பதற்கு 3, 6 என்று வந்தால்? இரண்டும் 1. ஆனால் ஒன்றை இட்டது 'தூரம்', மற்றதை இட்டது 'நிலையம்'. பொய்யான 'இருக்கலாம்' வருவது இப்படித்தான்.

படி 3: ஹாஷை ஒரே முறை கணக்கிடுங்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். முதல் பைட், கடைசி பைட், நீளம் ஆகியவற்றை வைத்து அவசரமாக ஒரு ஹாஷ் செய்யும் பழக்கம் உண்டு. ஆங்கிலப் பெயர்களுக்கு அது ஓரளவு ஒப்பேறும், தமிழுக்கு ஒப்பேறவே ஒப்பேறாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். எந்த உயிரெழுத்தில், எந்த மெய்யில் தொடங்கினாலும் முதல் இரண்டு பைட்டுகள் 224, 174 என்றே வரும். முடிவிலும் இதே கதை. தூரம், நிலையம், கட்டணம், மொத்தம் என்று நாம் வைக்கிற பெயர்களில் பாதி 'ம்' என்று முடிகின்றன. அவற்றின் கடைசி 6 பைட்டுகள் அச்சு அசலாக ஒன்றே.

ஆகவே எல்லா பைட்டுகளையும் கலக்குங்கள். எஃப்என்வி-1ஏ என்ற முறை தொடக்கக்காரர்களுக்குப் போதும்:

ஹாஷ் = 2166136261
பெயரின் ஒவ்வொரு பைட்டுக்கும்:
  ஹாஷ் = ஹாஷ் எக்ஸார் பைட்
  ஹாஷ் = ஹாஷ் × 16777619 (கடைசி 32 பிட் மட்டும்)

இதை லெக்ஸரிலேயே (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) செய்து, டோக்கனோடு (அப்படிப் பிரித்த சொல்) வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்கோப்பிலும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டால் மிச்சப்படுத்தும் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று. 'மொத்தம்' என்பதில் வரும் 'மொ'-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பைட்டுகள் வேறு. நிரலாளர் முதல் வரியில் ஒரு விதமாகவும் அடுத்த வரியில் வேறு விதமாகவும் தட்டியிருந்தால், கண்ணெதிரே இருக்கும் பெயரைக் கம்பைலர் "இல்லை" என்று சொல்லும். இது ஃபில்டரின் கோளாறு இல்லை, வெறும் ஹாஷ் டேபிளும் அதையேதான் சொல்லும். ஹாஷ் செய்வதற்கு முன் பெயரை யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகச் சேமிக்கும் வடிவம்) மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். தமிழ் மொழிக் கம்பைலரில் இந்த மாற்றம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 4: ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் ஒரு 64 பிட் எண்

ஒரே ஹாஷிலிருந்து 0 முதல் 63 வரை இரண்டு இடங்களை எடுத்து, அந்த பிட்டுகள் மட்டும் 1 ஆக உள்ள 'முத்திரை' எண்ணைச் செய்கிறோம்:

இடம்1 = ஹாஷ் & 63
இடம்2 = (ஹாஷ் >> 16) & 63
முத்திரை = (1 << இடம்1) | (1 << இடம்2)

சி மொழியில் எழுதினால் அந்த 1 என்பது 64 பிட் எண்ணாக இருக்க வேண்டும். சாதாரண 1-ஐ 40 இடம் தள்ளினால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

பெயரை அறிவிக்கும்போது:
  ஸ்கோப்.ஃபில்டர் = ஸ்கோப்.ஃபில்டர் | முத்திரை

தேடும்போது:
  (ஸ்கோப்.ஃபில்டர் & முத்திரை) ≠ முத்திரை எனில் வெளி ஸ்கோப்புக்குப் போ
  இல்லையெனில் டேபிளில் தேடு

அவ்வளவுதான். ப்ளூம் ஃபில்டரிலிருந்து ஒரு பெயரை மட்டும் நீக்க முடியாது என்பது பொதுவாகப் பெரிய குறை. கம்பைலருக்கு அது குறையே இல்லை. ஸ்கோப் முடிந்தால் ஃபில்டரும் அதோடு போய்விடும்.

படி 5: எவ்வளவு பெயர்கள் தாங்கும்?

64 பிட், பெயருக்கு இரண்டு இடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 5 பெயர்கள் உள்ள ஸ்கோப்பில் பொய்யான 'இருக்கலாம்' சுமார் 2%. 10 பெயர்களுக்கு 7%, 20-க்கு 22%. 50 பெயர்கள் என்றால் 62%, அதற்குமேல் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. செயல்களுக்கு உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஸ்கோப்புகளுக்கு இந்த அளவு தாராளம்.

பொது ஸ்கோப்புக்கு ஃபில்டரே வைக்காதீர்கள். அதுதான் கடைசி, அங்கே தேடுவது பெரும்பாலும் கிடைத்துவிடும். வெளியிலிருந்து சேர்க்கும் நூலகக் கோப்புகள் நிறைய இருந்தால் விஷயம் வேறு. 1000 பெயர்கள் உள்ள ஒரு கோப்புக்கு 10,000 பிட், அதாவது 1250 பைட் ஒதுக்கி, பெயருக்கு 7 இடம் வைத்தால் பிழை 1%-க்குள் அடங்கும். கோப்பைத் திறக்காமலேயே 'இல்லை' என்று தெரிந்துகொள்ள இது மிகவும் மலிவான விலை.

லினக்ஸில் இதே உத்தி தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006-இல் க்னூ லிங்கரில் (நிரலையும் நூலகங்களையும் இணைக்கும் கருவி) வந்த புதிய ஹாஷ் பகுதியில் ப்ளூம் ஃபில்டர் இருக்கிறது. நிரல் தொடங்கும்போது ஒரு பெயரைப் பல நூலகங்களில் தேட வேண்டும், பெரும்பாலானவை 'இல்லை' என்றே சொல்லும். அங்கும் ஒரே ஹாஷிலிருந்து இரண்டு பிட்டுகள்தான்.

படி 6: அளந்து பாருங்கள்

மூன்று எண்ணிகள் வையுங்கள்: ஃபில்டர் 'இல்லை' என்றவை, 'இருக்கலாம்' என்று சொல்லிக் கிடைத்தவை, 'இருக்கலாம்' என்று சொல்லிக் கிடைக்காதவை. அப்புறம் சோதனைக்காக, ஃபில்டர் 'இல்லை' என்ற ஒவ்வொரு முறையும் டேபிளிலும் தேடிப் பாருங்கள். ஒருமுறை கிடைத்தாலும் பிழைதான். பெரும்பாலும் பெயரை டேபிளில் சேர்க்கும் ஏதோ ஒரு வழியில் ஃபில்டரைப் புதுப்பிக்க விட்டிருப்பீர்கள், செயலின் உள்ளீட்டுப் பெயர்களைச் சேர்க்கும் இடத்தை முதலில் பாருங்கள். மூன்றாவது எண்ணி மேலே சொன்ன சதவீதங்களைவிட மிக அதிகமாக ஏறினால், ஹாஷ் எல்லா பைட்டுகளையும் எடுத்துக்கொள்கிறதா என்று சரிபாருங்கள்.